கல்விக் கடன்: தவணைக்கு விடுப்பு உண்டு, வட்டிக்கு இல்லை

கல்லூரிப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து வங்கியிலிருந்து முதல் தவணை அறிவிப்பு வரும்போது பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. வாங்கியது நான்கு லட்சம். கடன் கணக்கில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் என்று நிற்கிறதே, எப்படி? வங்கி ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்வார். கல்விக் கடனைக் கட்ட வேண்டியதே இல்லை, அடுத்த தேர்தலில் தள்ளுபடி ஆகிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் கேட்டுக் குழம்பிய பட்டதாரி, சோழிங்கநல்லூரிலோ அம்பத்தூரிலோ முதல் வேலையில் சேர்ந்து, அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சும் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி, கடனின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை யாரும் பொறுமையாக விளக்காததால் வருவது. கணக்கு கடினமானதல்ல, பள்ளியில் படித்த தனிவட்டி தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

படிக்கும் காலத்தில் வட்டி என்ன செய்கிறது?

நகையை அடகு வைத்த அனுபவம் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. தை மாதத்தில் வளையலை அடகு வைத்துப் பணம் வாங்குகிறோம். மாதாமாதம் யாரும் வந்து தவணை கேட்பதில்லை. ஆனால் ஆவணியில் மீட்கப் போகும்போது, வாங்கிய தொகையோடு அத்தனை மாதத்து வட்டியையும் எண்ணி வைத்தால்தான் வளையல் கைக்கு வரும். கேட்கவில்லை என்பதால் வட்டி ஓடாமல் இருந்துவிடவில்லை. கல்விக் கடனில் படிப்புக் காலமும் இப்படித்தான் கழிகிறது.

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் மாணவர் தவணை கட்ட வேண்டியதில்லை. இந்தக் காலத்துக்கு மொரட்டோரியம், அதாவது தவணை விடுப்புக் காலம் என்று பெயர். விடுப்பு தவணைக்குத்தான். வங்கி எந்த நாளில் எவ்வளவு தொகையைக் கல்லூரிக்கு அனுப்பியதோ, அந்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. இந்தக் காலத்தில் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது என்பது மாதிரித் திட்டத்தின் விதி. விடுப்பு முடியும் நாளில் சேர்ந்திருக்கும் வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்பட்டு, அந்தக் கூட்டுத்தொகையே புதிய அசலாகி, அதற்குத் தவணை நிர்ணயிக்கப்படுகிறது.

தாம்பரத்தில் வசிக்கும் ஒரு மாணவி நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம், 10 சதவீத வட்டியில் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நான்காண்டு, அதன்பின் ஓராண்டு என விடுப்பு மொத்தம் ஐந்தாண்டுகள். முதலாண்டில் போன ஒரு லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்காண்டு வட்டி 40,000. மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. கூட்டினால் 1,40,000. நான்கு லட்சத்தோடு சேர்த்தால் 5,40,000. அறிவிப்பில் வந்த தொகை இதுதான். இதில் தில்லுமுல்லு ஏதும் இல்லை.

இந்த 1,40,000 ரூபாயைப் படிக்கும்போதே தவிர்க்க முடியுமா என்றால், முடியும். முதலாண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாமாண்டில் 1,667 ரூபாய், மூன்றாமாண்டில் 2,500 ரூபாய், அதன்பின் 3,333 ரூபாய் என வட்டியை மட்டும் பெற்றோர் கட்டிவந்தால், விடுப்பு முடியும்போது நிலுவை நான்கு லட்சமாகவே இருக்கும். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரவும் மாதிரித் திட்டம் இடம் தருகிறது. எல்லாக் குடும்பங்களாலும் இது இயலாது என்பது உண்மை. ஆனால் இயலக்கூடிய குடும்பங்களிலும் பலர் கட்டாமல் விடுவதற்குக் காரணம், இப்போது எதுவும் கட்ட வேண்டாம் என்று கடன் வாங்கிய நாளில் கேட்ட ஒரு வாக்கியம்தான். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்கியவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை மாதிரித் திட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. சில நிறுவனங்கள் படிக்கும்போதே வட்டியில் ஒரு பகுதியைக் கேட்கும். எது பொருந்தும் என்பது கடன் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கும்.

சுருக்கமாக, விடுப்புக் காலத்தில் கடன் தூங்குவதில்லை. தனிவட்டியில் வளர்ந்துகொண்டே வருகிறது, விடுப்பு முடியும் நாளில் அந்த வட்டியும் அசலாக மாறுகிறது.

அரசு கட்டும் வட்டி எது?

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர்கள் இந்தியாவிலேயே தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பப் படிப்பு படித்தால், விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. கனரா வங்கி இதன் ஒருங்கிணைப்பு வங்கி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. இதுவும் விடுப்புக் காலத்துக்கு மட்டுமே. தவணை தொடங்கியபின் வரும் வட்டியை இரண்டு திட்டங்களும் ஏற்பதில்லை. தகுதி இருந்தும் மானியம் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று பார்க்காமலே தவணை கட்டத் தொடங்குபவர்கள் உண்டு. விடுப்பு முடியும் தறுவாயில் கடன் கணக்கின் முழு அறிக்கையையும் கிளையில் கேட்டு வாங்கி, மானிய வரவு இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

நம் மாநிலத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது கல்விக் கட்டணத்தைக் குறைக்கும் சலுகை. ஏற்கெனவே வாங்கிய கடனை அது தொடுவதில்லை.

மாதத் தவணைக்குள் என்ன நடக்கிறது?

வங்கியில் இஎம்ஐ என்று சொல்லப்படும் மாதத் தவணை, கடன் முடியும்வரை மாதாமாதம் கட்ட வேண்டிய சமமான தொகை. தொகை சமமாக இருந்தாலும் அதன் உள்ளடக்கம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதைப் புரிந்துகொள்ளாததால்தான், ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியும் கடன் அசையவில்லையே என்ற சலிப்பு வருகிறது.

ஒவ்வொரு மாதமும் வங்கி செய்வது இரண்டு வேலைகள். முதலில், மீதமிருக்கும் அசலுக்கு அந்த மாதத்து வட்டியைக் கணக்கிட்டுத் தவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு எஞ்சியதை அசலில் கழிக்கிறது. நம் மாணவியின் 5,40,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணை மாதம் 7,136 ரூபாய் ஆகும். முதல் மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். ஆகவே அவர் கட்டிய 7,136 ரூபாயில் 2,636 ரூபாய்தான் அசலைக் குறைக்கிறது. அடுத்த மாதம் அசல் சற்றுக் குறைந்திருப்பதால் வட்டியும் சில ரூபாய் குறையும், அசலுக்குப் போவது அதே அளவு கூடும். இப்படி முதலாண்டு முடியும்போது அவர் ஏறத்தாழ 85,600 ரூபாய் கட்டியிருப்பார். அதில் 52,500 வட்டிக்குப் போயிருக்கும். கடன் குறைந்தது 33,100 ரூபாய்தான். கடைசி ஆண்டில் நிலைமை தலைகீழாகி, தவணையில் பெரும்பகுதி அசலுக்கே போகும்.

தவணைக் காலத்தை மாதிரித் திட்டத்தின்படி 15 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். நீட்டித்தால் மாதத் தவணை 5,803 ரூபாயாகக் குறையும். மாதத்துக்கு 1,333 ரூபாய் மிச்சம் என்பது முதல் வேலையில் இருப்பவருக்குச் சிறிய தொகையல்ல. ஆனால் பத்தாண்டில் அவர் மொத்தமாகக் கட்டுவது சுமார் 8,56,000 ரூபாய். பதினைந்தாண்டில் 10,44,000 ரூபாயைத் தாண்டும். என் கருத்தில், சம்பளம் குறைவாக இருக்கும்போது நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. தவணை தவறுவதைவிட அது எவ்வளவோ மேல். பின்னால் சம்பளம் உயர்ந்தபிறகும் அதே தவணையில் அப்படியே இருந்துவிடுவதுதான் விலை அதிகமான பழக்கம்.

இதுவரையில் பார்த்ததை இப்படிச் சொல்லலாம்: தவணையில் வட்டிக்குத்தான் முதல் பங்கு, அசலுக்கு எஞ்சியதுதான், அசல் பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டியின் பங்கும் பெரிதாக இருக்கும்.

வட்டி விகிதம் மாறினால்

வங்கிகளின் கல்விக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில் தரப்படுகிறது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் தரும்போது வாங்கும் வட்டிக்கு ரெப்போ விகிதம் என்று பெயர். அது ஏறினால் நம் வட்டியும் ஏறும், இறங்கினால் இறங்கும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. 2025இல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஏறும்போது வங்கி பெரும்பாலும் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும், அதனால் கடனாளிக்கு ஏறியதே தெரியாது. நம் உதாரணத்தில் வட்டி 12 சதவீதமாகி அதே 7,136 ரூபாயைத் தொடர்ந்து கட்டினால், 120 மாதக் கடன் 142 மாதங்களுக்கு மேல் இழுக்கும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

முன்கூட்டிக் கட்டுவதன் பலன்

தவணைக்கு மேல் கட்டும் பணம் முழுவதும் அசலுக்குப் போகிறது என்பதை மேலே சொன்ன இயக்கத்திலிருந்தே ஊகிக்கலாம். அந்த மாதத்து வட்டி தவணையிலேயே தீர்ந்துவிட்டது. எனவே கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அசலை வெட்டுகிறது, அந்த ரூபாய்க்கு இனிமேல் வரவிருந்த வட்டி முழுவதும் இல்லாமல் போகிறது.

நம் மாணவி மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், 120 மாதக் கடன் 82 மாதங்களில் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். மாதாமாதம் முடியாது என்றால், தீபாவளி போனஸோ சம்பள நிலுவையோ கைக்கு வரும்போது ஒரே தொகையாகக் கட்டலாம். தவணை தொடங்கும் வேளையிலேயே 50,000 ரூபாய் கட்டினால் ஏறத்தாழ 17 மாதத் தவணைகள் குறையும். கட்டிய ஐம்பதாயிரம் போக எழுபத்தைந்தாயிரம் ரூபாய் அளவுக்கு வட்டி மிச்சம். இதே 50,000 ரூபாயை எட்டாம் ஆண்டில் கட்டினால் மிச்சம் இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், ஏனென்றால் அப்போது தவிர்ப்பதற்கு அதிக வட்டி மிஞ்சியிருக்காது. சம்பளம் குறைவாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில்தான் கூடுதல் பணத்துக்கு மதிப்பு அதிகம் என்பது கொஞ்சம் கொடுமையான ஏற்பாடுதான்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கவனிக்க வேண்டியது வேறொன்று. கூடுதல் தொகையைச் செயலியில் அனுப்பிவிட்டு அப்படியே விட்டால், சில வங்கிகளில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாகக் கொள்ளப்படலாம். இந்தத் தொகையை அசலில் கழிக்க வேண்டும், தவணை மாறாமல் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, அடுத்த மாத அறிக்கையில் அது நடந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். கிரெடிட் கார்டில் நிலுவை வைத்துக்கொண்டு கல்விக் கடனை முன்கூட்டிக் கட்டுவது தலைகீழான காரியம். அந்த அட்டைக்கு மாதத்துக்கே 3 சதவீதம் அளவில் வட்டி ஓடும். கல்விக் கடனுக்கோ ஆண்டுக்கே 10 சதவீதம்தான். முதலில் அட்டையை அடைக்க வேண்டும், அடுத்து மூன்று மாதச் செலவுக்காவது கையில் பணம் வைத்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகு மிஞ்சுவதைக் கல்விக் கடனில் போட வேண்டும்.

வருமான வரிச் சலுகை பற்றிச் சில வரிகள் போதும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80இ பிரிவு என்று பழக்கமான இந்தச் சலுகையில், கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும் உச்சவரம்பின்றி வருமானத்திலிருந்து கழிக்கலாம், அசலுக்குக் கிடையாது. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே, அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டி வைப்பது, பத்து ரூபாய் வட்டி கட்டி இரண்டு மூன்று ரூபாய் வரியை மிச்சப்படுத்துவதாகும்.

தள்ளுபடி என்ற பேச்சு

தமிழ்நாட்டில் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரன் வரையிலான நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக மாநில அரசு 2021இல் அறிவித்தது. கூட்டுறவுப் பயிர்க் கடனும் அதே ஆண்டில் தள்ளுபடி செய்யப்பட்டது. இவற்றைப் பார்த்தவர்கள், கல்விக் கடனும் இப்படியே போய்விடும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் கூட்டுறவு நிறுவனங்கள் மாநில அரசின் மேற்பார்வையில் இயங்குபவை. கல்விக் கடன்களைப் பெருமளவில் தந்தவை பொதுத்துறை வங்கிகள். இந்தியன் வங்கியின் தலைமையகம் ராயப்பேட்டையிலும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமையகம் அண்ணா சாலையிலும் இருந்தாலும் அவை மத்திய அரசின் பெரும்பான்மைப் பங்கில் இயங்கும் வங்கிகள். மாநில அரசு உத்தரவு போட்டு அவற்றின் கடனை அழிக்க முடியாது. அந்தத் தொகையைத் தானே வங்கிக்குக் கட்டினால்தான் உண்டு. எந்தக் கட்சி எதை வாக்களித்தாலும், முறையான அரசாணை வந்து, வங்கி எழுத்தில் உறுதி செய்யும்வரை கடனாளி தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும். வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்தியவரின் கணக்கில் அந்த நாள்களின் வட்டி கூடிக்கொண்டுதான் போகும்.

வேலை கிடைக்காவிட்டால், தவணை தவறினால்

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வங்கி அந்தக் கணக்கை வாராக்கடனாக வகைப்படுத்தும். அதற்கு முன்பே, தாமதம் ஒவ்வொன்றும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறுகிறது. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரையிலான ஓர் எண். கடன் வாங்கியவரின் ஒழுங்கை வங்கிகள் அதைக் கொண்டு எடைபோடுகின்றன. பலரும் அறியாதது இதுதான்: கல்விக் கடனில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருக்கிறார். சாட்சிக் கையெழுத்து என்று அவர் நினைத்திருக்கலாம். சட்டப்படி முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பு. மகன் தவணை தவறினால் தந்தையின் மதிப்பெண்ணும் சரியும், தங்கையின் கல்விக் கடனுக்கு அவர் மீண்டும் கையெழுத்திடப் போகும்போது அது தடையாக வந்து நிற்கும்.

வேலை கிடைக்கவில்லை என்றாலோ, கிடைத்த வேலை போய்விட்டது என்றாலோ, முதல் தவணை தவறும் முன்பே கிளை மேலாளரிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலையில்லாக் காலத்தைக் கருதித் தவணை விடுப்பை நீட்டிக்கவும், தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் தவணையை அமைக்கவும் மாதிரித் திட்டத்திலேயே இடமிருக்கிறது. முடிவு வங்கியின் கையில்தான் என்றாலும், மூன்று மாதம் ஒளிந்திருந்துவிட்டுப் போய்க் கேட்பவரைவிட முன்னதாகப் போய்க் கேட்பவருக்கு வழிகள் அதிகம். கட்ட முடியாதபோது கிளைக்குப் போகக் கூசுவது நம்மவர் இயல்பு. கல்விக் கடனில் அந்தக் கூச்சத்துக்கு வட்டி உண்டு.

தாமதத்துக்கு வங்கி அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியிலேயே முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

வாராக்கடனான பிறகு, நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மீதியை ஒரே தடவையில் கட்டச் சொல்லி வங்கி முன்வருவதுண்டு. ஒருமுறைத் தீர்வு எனப்படும் இது, வேறு வழியில்லாதவருக்கு நல்ல விடுதலை. ஆனால் கடன் தகவல் அறிக்கையில் அந்தக் கணக்கு முழுமையாக அடைக்கப்பட்டது என்று பதிவாகாமல், பேசித் தீர்க்கப்பட்டது என்றே பதிவாகும். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கிகள் இந்தப் பதிவைக் கண்டு தயங்கும். கட்டும் வசதி உள்ளவர், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே இந்த நிலைக்குப் போவது லாபமாகாது.

கடைசித் தவணைக்குப் பின்

கடைசித் தவணை போனதும் கணக்கு தானாக மூடப்பட்டிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில நாள் வட்டி, ஏதோ ஒரு சிறு கட்டணம் என்று நூறு ரூபாய் நிலுவை நின்றுவிட்டால், அதுவும் தாமதமாகவே பதிவாகும். கிளையிடம் நிலுவையில்லாச் சான்றிதழை எழுத்தில் பெற வேண்டும்; தானியங்கிப் பற்று உத்தரவை ரத்து செய்ய வேண்டும்; ஓரிரு மாதம் கழித்துக் கடன் தகவல் அறிக்கையை எடுத்து, மாணவர், இணைக் கடனாளி இருவர் பெயரிலும் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தைப் பிணையாக வைத்துப் பெரிய கடன் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணமாகத் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் கடன் தீர்ந்த தேதியைக் குறிப்பிடும் கடிதத்தை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.